அடகு போனது போன்புத்தகம்: ஏழு நாள் கடன் ஆப், ஒரு நிகழ்வு ஆய்வு

கைக்கு வந்தது 3,200 ரூபாய். இருபதாவது நாள் கட்டச் சொன்னது 12,500 ரூபாய். நடுவில் அந்தப் பெண் ஒரு ரூபாயும் ஊதாரித்தனமாகச் செலவு செய்யவில்லை. 3,000 ரூபாய் அம்மாவின் ஸ்கேனுக்குப் போனது, மீதி பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும்.

இது ஒரே ஆளின் கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் ஆப் புகார்களில் திரும்பத் திரும்ப வரும் வரிசையை ஒரே கணக்காகக் கோத்திருக்கிறோம். ஊரும் தொகைகளும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. சட்டங்களும் விதிகளும் அவற்றோடு வரும் எண்களும் உள்ளபடியே உள்ளவை.

புதன்கிழமை இரவு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சம்பளம் வாரா வாரம் சனிக்கிழமை. பணம் புதன்கிழமையே வேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: "5 நிமிடத்தில் 50,000. சிபில் பார்க்க மாட்டோம். சம்பளச் சீட்டு வேண்டாம்." (சிபில் என்பது நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு.) தொட்டதும் பிளே ஸ்டோர் திறக்கவில்லை, வாட்ஸ்அப் திறந்தது. அங்கே ஒருவர் ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போனில் ஏற்றும் ஃபைலை அனுப்பி, "தெரியாத ஆப்களை அனுமதி" என்ற செட்டிங்கை எங்கே போய் ஆன் செய்ய வேண்டும் என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டினார்.

ஆப் திறந்ததும் வரிசையாகக் கேட்டது: காண்டாக்ட்ஸ், போட்டோ, எஸ்எம்எஸ், கால் லாக், லொகேஷன். ஒன்றை மறுத்தாலும் அடுத்த பக்கம் வராது. பிறகு ஆதார், பான், முகத்தை இடமும் வலமும் திருப்பி ஒரு செல்ஃபி. 50,000 என்று சொன்ன ஆப் கடைசியில் "உங்கள் தகுதி 5,000" என்றது. நாலு நிமிடத்தில் கணக்கில் 3,200 விழுந்தது. 1,800 ரூபாய் "பிராசசிங், ஜிஎஸ்டி, ரிஸ்க் ஆய்வு" என்று முன்கூட்டியே பிடித்தாகிவிட்டது. தவணை ஏழு நாள், கட்ட வேண்டியது 5,000.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையில் வந்தது 3,200, ஏழு நாளில் அதற்குக் கூலி 1,800. அதாவது வாரத்துக்கு 56.25 சதவீதம், வருடத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2,930 சதவீதம். ஊரில் நாம் பயப்படும் பத்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்க்கு வாங்கியிருந்தால்கூட, 3,200 ரூபாய்க்கு ஏழு நாள் வட்டி 75 ரூபாய்தான். கந்துவட்டிக்காரர் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அடகு எது?

சம்பளச் சீட்டு கேட்காமல், ஜாமீன் கேட்காமல், முன்பின் தெரியாத ஆளுக்கு ஒருவன் ஏன் பணம் கொடுக்கிறான்? அவன் அடகு வாங்கிவிட்டான். 640 பேரின் பெயரும் எண்ணும் உள்ள போன்புத்தகம்தான் அந்த அடகு.

"அப்பா", "அண்ணா", "சூப்பர்வைசர் செல்வம் சார்", "மாமியார்" என்று நாம் சேமித்து வைத்திருக்கும் பெயரே யாரைக் கூப்பிட்டால் வலிக்கும் என்று சொல்லிவிடும். யாரோடு அடிக்கடி பேசுகிறோம் என்பதைக் கால் லாக் சொல்லும். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் சம்பளம் விழும் நாளும் மீதியும் தெரியும். செல்ஃபி பின்னால் எதற்குப் பயன்பட்டது என்று கீழே வருகிறது.

நகை அடகுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அசலும் வட்டியும் கட்டினால் நகை கைக்குத் திரும்பும். அவர்கள் சர்வருக்கு ஏறிப்போன போன்புத்தகத்தை யாரும் திருப்பித் தர முடியாது. கடனைக் கட்டினால் தொல்லை நிற்கும் என்ற நம்பிக்கை பொய்ப்பது இதனால்தான்: கட்டிய பிறகும் அடகு அவர்கள் கையிலேயே இருக்கிறது.

ஆறாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை

கெடு ஏழாம் நாள் என்றாலும் போன் ஆறாம் நாள் காலையிலேயே வந்தது. "அக்கா, இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள கட்டிடுங்க, இல்லைன்னா சிபில் போயிடும்." மாலை அதே குரல் "நீங்க" என்றது. இரவு வேறொரு குரல், "ஏய், உன் அண்ணனுக்குப் போடவா போன்?" மரியாதை இறங்கும் இந்த வேகம் தற்செயல் இல்லை. முதல் ஆள் கேட்க, இரண்டாம் ஆள் மிரட்ட, மூன்றாம் ஆள் "நான் பேசி முடிச்சுத் தரேன்" என்று வருவது ஒரு வேலைப் பங்கீடு.

"கட்ட முடியலைன்னா நம்ம இன்னொரு ஆப்ல எடுத்துக் கட்டுங்க, லிங்க் அனுப்புறேன்" என்றார்கள். எல்லா ஆப்பிலும் பிடித்தம் ஒரே மாதிரி, நூற்றுக்கு 36.

ஆறாம் நாள்: இரண்டாவது ஆப்பில் 8,000 கடன், வந்தது 5,120. முதல் ஆப்புக்கு 5,000 கட்டினார். கையில் மிச்சம் 120.

பதிமூன்றாம் நாள்: மூன்றாவது ஆப்பில் 12,500 கடன், வந்தது 8,000. அப்படியே இரண்டாவது ஆப்புக்குப் போனது.

இருபதாம் நாள்: 12,500 கட்ட வேண்டும், வாரச் சம்பளம் அதில் கால்வாசிகூட வராது.

இதையெல்லாம் கூட்டினால் அவர் உண்மையில் அனுபவித்த பணம் 3,320 ரூபாய். மீதி முழுவதும் ஒரே கும்பலின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம். பெயரும் லோகோவும் வேறு வேறாக இருந்தாலும் மூன்று ஆப்பிலும் கட்டும் பக்கம் ஒரே மாதிரி இருந்தது, பணம் போனதும் தனிநபர் பெயரிலுள்ள யுபிஐ முகவரிகளுக்கு.

இருபதாம் நாள் மதியம் 4,000 கட்டினார். "சிஸ்டத்துல அப்டேட் ஆகலை, திரும்பக் கட்டுங்க" என்று பதில் வந்தது. மறுநாள் காலை அவருடைய செல்ஃபியை வேறொரு உடம்போடு ஒட்டிய படம், "இவள் கடன் வாங்கி ஏமாற்றியவள்" என்ற வாசகத்தோடு, சூப்பர்வைசருக்கும் சித்தப்பாவுக்கும் வெளிநாட்டுக் குறியீடு கொண்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து போனது.

2020 கடைசியில் தெலங்கானாவில் இப்படிப்பட்ட மிரட்டலால் தற்கொலைகள் நடந்தபோதுதான் இந்த விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு பெங்களூருவில் இயங்கிய ஒரு கால் சென்டர் தொடர்பாக இரண்டு சீனர்கள் உட்பட சிலரைக் கைது செய்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் 80க்கு மேற்பட்ட ஆப் ஸ்டோர்களில் அந்தக் குழு கண்ட கடன் ஆப்கள் ஏறத்தாழ 1,100. அதில் சுமார் 600 சட்டவிரோதமானவை.

எங்கே நின்றிருக்கலாம்

முதல் வாசல் அந்த ஏபிகே. பதிவு பெற்ற நிறுவனம் வாட்ஸ்அப்பில் ஆப் ஃபைல் அனுப்பிக் கடன் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிளே ஸ்டோரில் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஆனால் அங்கே சில விதிகள் நமக்கு உதவும். முழுக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்பை கூகுள் அனுமதிப்பதில்லை. குறைந்தபட்ச, அதிகபட்சத் தவணைக் காலமும் அதிகபட்ச ஆண்டு வட்டியும் விவரப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2023 மே 31 முதல் கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் கேட்கவே கூடாது. விவரத்தில் "91 முதல் 180 நாள்" என்று எழுதி, உள்ளே போனதும் ஏழு நாள் என்று காட்டினால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாவது வாசல் அனுமதிப் பக்கம். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி (2022 செப்டம்பரில் வந்தன, 2025 மே 8ல் திருத்தி ஒன்றாக்கப்பட்டன) கடன் ஆப் போனிலுள்ள ஃபைல்கள், காண்டாக்ட்ஸ், கால் லாக் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சிக்காக (அடையாளச் சரிபார்ப்புக்காக), ஒரே ஒரு முறை, நம் சம்மதத்தோடு. "காண்டாக்ட்ஸ் அனுமதி தந்தால்தான் கடன்" என்று ஓர் ஆப் சொன்னால் வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை.

மூன்றாவது, யார் கடன் கொடுக்கிறார் என்ற கேள்வி. ஆப் என்பது கடைவாசல் மட்டுமே. உள்ளே ஒரு வங்கியோ ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கி சாரா நிதி நிறுவனமோ இருந்தாக வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில், நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் ஆப்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லையென்றால் விலகிவிடலாம். இருந்தாலும் அங்கேயே நின்றுவிடக்கூடாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் நிறுவனங்கள் கொடுத்த விவரம்தான், ரிசர்வ் வங்கி தனியாகச் சரிபார்த்துச் சான்று கொடுத்ததில்லை. மோசடிக்காரர்கள் உண்மையான நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழையே படமாக அனுப்புவார்கள், ஆப் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். அதனால் எதிர்த்திசையிலும் தேட வேண்டும்: அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அவர்கள் போட்டிருக்கும் ஆப் பட்டியலில் இந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே டவுன்லோடு லிங்க்கையும் எடுங்கள்.

நான்காவது, காகிதம். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம் ஒரே எண்ணாக இருக்கும். "பிராசசிங் தனி, ஜிஎஸ்டி தனி" என்று பிரித்துக் காட்டி ஏய்க்க முடியாதது அந்த எண் ஒன்றுதான். தாளில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது. எடுத்த பிறகு மனம் மாறினாலும் குறைந்தது ஒரு நாள் விலகல் காலம் உண்டு. அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். அறிக்கையில் முன்பே சொல்லியிருந்தால் பிராசசிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வாசல் பணம் வந்த பிறகு திறப்பது, பலரும் கவனிக்காதது. கணக்கில் பணம் யார் பெயரிலிருந்து வந்தது, எந்தக் கணக்குக்குத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். விதிப்படி பணம் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக நம் கணக்குக்கு வர வேண்டும், தவணையும் நேராக அதே நிறுவனத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஏஜென்ட்டின் கணக்கோ, ஒவ்வொரு முறையும் மாறும் யுபிஐ முகவரியோ வந்தால் நிறுத்துங்கள்.

படம் வெளியே போன அன்று செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது ஆப்பை அழிப்பது. அதோடு ஆதாரமும் போய்விடும்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். கடன் தொகை, வந்த தொகை, கெடு தேதி, கட்டச் சொன்ன யுபிஐ முகவரி, ஆப் கேட்ட அனுமதிகள், மிரட்டல் செய்திகள், எண் முழுதாகத் தெரியும்படி. வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து நமக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது, அவர்கள் அந்தப் பக்கம் செய்திகளை அழித்தாலும் நம்மிடம் இருக்கும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 12 இலக்க யுபிஐ எண்ணை எழுதி வையுங்கள். அது இல்லாத புகார் நகர்வது கடினம்.

பிறகு ஆப்பின் அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். செட்டிங்கில் அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின் இரண்டிலும் அதன் பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்கவே விடாது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும்) பகுதியைத் திறந்து தெரியாத அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள்.

அடுத்தது பலரும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவது, ஆனால் இந்த மோசடியின் பல்லைப் பிடுங்குவது. அந்த அடகின் மதிப்பு எதில் இருக்கிறது? சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர்கள் கையில் இருப்பது வெறும் எண்களின் பட்டியல். இப்படி ஒரு செய்தி போதும்:

"என் போனிலிருந்த நம்பர்களையும் போட்டோக்களையும் ஒரு போலிக் கடன் ஆப் திருடிவிட்டது. என் பெயரில் போன், போட்டோ ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம், லிங்க்கைத் தொட வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்."

வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசருக்கு மட்டும் நேரில் சொல்லுங்கள்.

புகாருக்கு 1930 என்ற எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னிலும் பதிவு செய்து ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரில் போனால் அதே எண்ணைக் காட்டலாம். புகாரில் அழுகையைக் குறைத்துக் கணக்கை எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த ஆப், எவ்வளவு கேட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு எந்த முகவரிக்குக் கட்டினீர்கள், எந்த எண்ணிலிருந்து என்ன மிரட்டல், யாருக்குப் படம் போனது. "மானம் போச்சு" என்ற வரியை வைத்து யாரையும் தேட முடியாது, 12 இலக்க எண்ணை வைத்துத் தேட முடியும்.

சேர்க்கும் பிரிவுகளைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ம் பிரிவிலும் குற்றமுறு மிரட்டல் 351லும் வரும் என்று தெரிந்திருந்தால் போதும். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் உண்டு. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025ல் தனிச் சட்டமும் வந்தது.

பதிவு பெறாத ஆப் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் தகவல் கொடுக்கலாம். உள்ளே இருப்பது பதிவு பெற்ற நிறுவனம்தான் என்றால் வழி வேறு: முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம் போகலாம். விவரத்துக்கு 14448. அப்படிப்பட்ட நிறுவனத்தின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுக் கூப்பிடக்கூடாது. இந்த விதியைத் திருட்டு ஆப்பிடம் சொல்லிப் பயனில்லை, அவர்கள் சிரிப்பார்கள்.

இரவில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 14416 அல்லது தமிழ்நாட்டில் 104க்குக் கூப்பிட்டு மனம்விட்டுப் பேசலாம். இந்த வேலைக்கு நடுவே அதுவும் ஒரு வேலைதான்.

வாங்கிய பணத்தைக் கட்ட வேண்டுமா?

கைக்கு வந்ததை வரவில்லை என்று புகாரில் எழுத வேண்டாம். வந்ததும் கட்டியதும் இரண்டையும் உள்ளபடி எழுதுங்கள். இந்தப் பெண்ணின் கணக்கில், மூன்று ஆப்பிலிருந்தும் வந்தது 3,200, 5,120, 8,000, ஆக 16,320. கட்டியது 5,000, 8,000, 4,000, ஆக 17,000. மொத்தமாகப் பார்த்தால் வாங்கியதைவிட 680 ரூபாய் கூடுதலாகவே கட்டிவிட்டார், ஆனால் ஆப் இன்னும் "பாக்கி 12,500" என்றே காட்டிக்கொண்டிருந்தது. இந்த மூன்று வரிக் கணக்கைப் புகாரின் முதல் பக்கத்திலேயே போட்டால், "வாங்கின கடனைக் கட்டாம ஏன்மா இங்க வர்றே" என்ற கேள்வி எழாது. படம் வெளியே போன பிறகு தனிநபர் யுபிஐக்கு இன்னொரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது. ஒருமுறை மிரட்டலுக்குப் பணம் கொடுத்த எண், அவர்கள் பட்டியலில் மேலே ஏறும்.

இரண்டாவது மோசடி

மூன்று வாரம் கழித்து இன்னொரு அழைப்பு. இந்த முறை குரல் மிக மரியாதையானது. "மேடம், ரிசர்வ் வங்கி செட்டில்மென்ட் பிரிவு. உங்க மூணு கடனையும் மூடி என்ஓசி கொடுக்கிறோம், கட்டணம் 1,999." ஏமாந்தவர்களின் பட்டியலும் ஒரு சரக்குதான், கைமாறும். ரிசர்வ் வங்கி தனிநபர் கடனை மூடித் தருவதில்லை, என்ஓசியை, அதாவது பாக்கி இல்லை என்ற சான்றை, விற்பதும் இல்லை.

கடன் வேண்டி அலைபவர்களிடமும் இதே கை வேறு வேஷத்தில் வரும். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் ஒதுக்கியாகிவிட்டது, கட்டணம் 4,500 கட்டுங்கள் என்று சுற்றிய கடிதம் போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, வங்கிகள், நிதி நிறுவனங்கள் மூலம்தான் கொடுக்கும். முன்பணம் ஒருமுறை கட்டிவிட்டால் படிக்கட்டு தொடங்கும்: ஃபைல் சார்ஜ், இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி, அப்புறம் "உங்க அக்கவுன்ட் நம்பர்ல ஒரு இலக்கம் தப்பு, பணம் ஃப்ரீஸ் ஆயிடுச்சு, எடுக்க 8,000." பிராசசிங் கட்டணம் பல நேர்மையான கடன்களிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கடன் தொகையில் கழித்துக்கொள்வார்கள். பணம் வருவதற்கு முன்பே யாரோ ஒருவரின் யுபிஐக்குக் கட்டு என்று சொன்னால் கடன் வரப்போவதில்லை.

3,000 ரூபாய்க்கு வேறு வழி

கம்பெனியில் சம்பள அட்வான்ஸ், மகளிர் குழுவின் உள்கடன், ஒரு கிராம் நகைக்குக் கூட்டுறவு சங்கம் அல்லது வங்கி நகைக்கடன். பிஎஃப் பிடித்தம் இருந்தால் மருத்துவச் செலவுக்கு முன்பணம் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மறுநாள் காலைக்கு உதவாது. நகைக்கடன் அன்றே கிடைக்கும், அடகு எது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து

ஆதார் நகல், பான், முகம் திரும்பும் செல்ஃபி மூன்றும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பதிவு இல்லாத ஆப் நம் சிபிலில் எதையும் ஏற்ற முடியாது, அந்த மிரட்டல் வெற்று. ஆனால் நம் ஆவணங்களைக் காட்டி நல்ல நிறுவனம் ஒன்றில் வேறு யாராவது கடன் எடுத்தால் அது ஏறும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் பதிவு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்க இலவசமாகக் கண்காணிக்கலாம். "விசாரணைகள்" பகுதியில் நாம் போகாத நிறுவனத்தின் பெயர் இருந்தால், யாரோ நம் பெயரில் கடன் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். "கணக்குகள்" பகுதியில் இருந்தால் எடுத்தேவிட்டார். உடனே அந்த அறிக்கை நிறுவனத்தின் தளத்திலேயே மறுப்பு பதிவு செய்து, சைபர் புகாரின் ஒப்புகை எண்ணையும் இணைக்க வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. அதனால் மறுப்பு பதிந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.